நாற்பத்தைந்து சென்டிமீட்டருக்குள்

ஸ்ரீரங்கத்தில் நாங்கள் மாடியில் குடியிருந்தபோது, கீழே இருந்த வீட்டுக்கார அம்மாவை எல்லோரும் மேடம் என்றுதான் கூப்பிட்டோம். பால்காரர், சிலிண்டர் போடுகிறவர், எதிர் வீட்டு மாமி, சொந்தக் கணவர் உட்பட. பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்கும். நான் பார்த்ததில்லை.

அந்த வீட்டில் ஆறு வருடம் இருந்தோம். ஆறு வருடத்தில் மேடம் எதையாவது "நல்லா இருக்கு" என்று சொல்லி நான் கேட்டதில்லை. கெட்ட மனசு கிடையாது. பொறாமையும் கிடையாது. அந்த வார்த்தை அவரிடம் இல்லை, அவ்வளவுதான். குடிவந்த அன்று பால் காய்ச்சிவிட்டு என் மனைவி ஒரு கிண்ணத்தில் கேசரி கொண்டுபோய்க் கொடுத்தாள். மேடம் ஒரு ஸ்பூன் வாயில் போட்டு, கொஞ்ச நேரம் மென்று, "முந்திரி ஒரே பக்கமா ஒதுங்கியிருக்கு. சீராப் பரவல" என்றார். பிறகு முழுக் கேசரியையும் சாப்பிட்டார். கிண்ணத்தைக் கழுவித் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கவிழ்த்து இன்னொரு தடவை பார்த்து, அடியில் இருந்த நெளிவைக் காட்டித் திருப்பிக் கொடுத்தார். என் மனைவி மேலே வந்து, "வீட்டுக்கு வாஸ்து பாத்தீங்களே, கீழ இருக்கற ஆளப் பாத்தீங்களா?" என்று கேட்டாள்.

இந்தக் கவிழ்த்துப் பார்ப்பது மேடத்தின் முத்திரை. கத்திரிக்காய், கல்யாணப் பத்திரிகை, மின்சார வாரியச் சீட்டு, எதுவானாலும் ஒரு பக்கம் பார்த்ததோடு விடமாட்டார். திருப்பி வைத்து முதலிலிருந்து பார்ப்பார். குறை இருந்தால் முதல் பார்வையிலேயே சொல்லிவிடுவார். குறை இல்லையென்றால்தான் இந்த இரண்டாம் பார்வை. "குறை கண்ணுல பட்டா பட்டதுதான். பட்லன்னா இல்லன்னு அர்த்தம் ஆயிடுமா?" என்பார்.

கைலாசபுரத்துப் பக்கம் பெரிய ஆலையில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தவர். பாய்லருக்குப் போகிற குழாய்களைப் பற்றவைத்ததும், பற்றவைத்த இடத்தை எக்ஸ்ரே எடுப்பார்கள். மனிதனுக்கு நெஞ்சை எடுப்பது மாதிரிதான். அந்த ஃபிலிமை வெளிச்சப் பெட்டியில் வைத்து, உள்ளே ஓட்டை இருக்கிறதா, விரிசல் இருக்கிறதா என்று படிப்பது மேடத்தின் வேலை. படித்துவிட்டு மூன்று வார்த்தைகளில் ஒன்றை எழுத வேண்டும். அக்செப்ட் என்றால் அனுப்பலாம். ரிப்பேர் என்றால் அந்த இடத்தை மட்டும் தோண்டி மறுபடி பற்றவைக்கலாம். கட் என்றால் ஒன்றும் செய்வதற்கில்லை, ஜாயிண்டையே வெட்டி எறிய வேண்டும். நாலாவது வார்த்தை கிடையாது. முப்பத்தோரு வருடம் மூன்றே வார்த்தைகளில் காலம் தள்ளியவரிடம் கேசரிக்கென்று தனியாக ஒரு வார்த்தை எதிர்பார்த்தது எங்கள் தப்புத்தான்.

அவருடைய கணவர் அதே ஆலையில் வெல்டர். மேடம் அவரை "வெல்டர் சார்" என்று கூப்பிடுவார். ரிட்டயராகிப் பல வருடம் ஆன பிறகும் அப்படித்தான். இவர் மேடம், அவர் வெல்டர் சார். மாடியிலிருந்து கேட்டால் கீழே ஏதோ ஷிஃப்ட் நடக்கிற மாதிரி இருக்கும்.

வெல்டர் பெரிய உடம்பும் சின்னக் குரலும் உள்ளவர். ஒரு நாள் மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி கழுவும்போது என்னிடம் தன் கல்யாணக் கதையைச் சொன்னார்.

"வேலைக்குச் சேந்த புதுசுல என் ஜாயிண்ட் நாலு மேடத்துகிட்ட போச்சு தம்பி. நாலும் ரிப்பேர். நாலாவது தடவ, அப்படி என்னதான் இருக்குன்னு கேக்கப் போனேன். வெளிச்சப் பெட்டி முன்னாடி உக்கார வெச்சு, இங்க பாருங்க, இந்தப் புள்ளியப் பாருங்கன்னு அரை மணி நேரம் காட்டினாங்க. எனக்குப் புள்ளி தெரியல. அவங்களத்தான் தெரிஞ்சுது. கல்யாணம் ஆயிடுச்சு."

"அஞ்சாவது ஜாயிண்ட் என்ன ஆச்சு சார்?"

"எங்க? கல்யாணம் ஆன மறுவாரமே, வீட்டுக்காரர் வேலைய நான் படிக்கக் கூடாதுன்னு ஆபீசுல எழுதிக் குடுத்துட்டாங்க. அதுக்கப்புறம் என் ஃபிலிமெல்லாம் வேற ஆள்கிட்ட போச்சு. எல்லாரும் நல்லாத்தான் சொன்னாங்க. கையெல்லாம் குடுத்திருக்காங்க. மேடம் வாயால ஒரு அக்செப்ட் வாங்கல. அது ஒண்ணு இங்க நிக்குது பாருங்க."

நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பிறகு கழுவின தொட்டியையே இன்னொரு தடவை தேய்க்க ஆரம்பித்தார்.

வீட்டில் அவர் முயற்சி செய்யாமல் இல்லை. வாசல் கிரில் கேட் அவர் கையால் பற்றவைத்தது. மேடம் அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "எக்ஸ்ரே எடுக்காம எப்படிச் சொல்றது?" என்றாராம். ரோஜாச் செடி வைத்தார். "எவ்வளவு உயரம் வரணும்?" என்று மேடம் கேட்டார். ரோஜா எவ்வளவு உயரம் வர வேண்டும் என்று யாருக்குத் தெரியும்? "அளவே இல்லாத சாமான எத வெச்சுப் பாக்கறது?" என்று மேடம் உள்ளே போய்விட்டார். அந்த ரோஜாவை வெல்டர் எதிர் வீட்டு மாமிக்குக் கொடுத்துவிட்டார்.

அதனால்தான், ஒரு கார்த்திகை மாசம் காலையில் அவர் செல்போனைக் கையில் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறி வந்தபோது அப்படி ஒரு பிரகாசம் முகத்தில்.

"தம்பி, இந்தப் பூவுக்கு ட்ராயிங்கே இருக்கு!"

படத்துக்குக் கீழே கோன்ஃபிளவர் என்று போட்டிருந்தது. இளஞ்சிவப்பு இதழ்கள் பாவாடை மாதிரி கீழே தொங்க, நடுவில் செம்பழுப்பு நிறத்தில் ஒரு முள் குமிழ். என் மனைவி எட்டிப் பார்த்து, "முள்ளம்பன்றிக்குப் பாவாடை கட்டி விட்ட மாதிரி இருக்கு" என்றாள். சாதாரண கோன்ஃபிளவர் இடுப்பு உயரம் வளருமாம். இது குட்டை ரகம். அடுத்த படத்தில், விதை பாக்கெட்டின் பின்பக்கத்தில், உயரம் நாற்பதிலிருந்து நாற்பத்தைந்து சென்டிமீட்டர் என்று அச்சடித்திருந்தது. நாற்பதிலிருந்து நாற்பத்தைந்து. வெல்டர் அதை மந்திரம் மாதிரி நாலைந்து தடவை சொன்னார். மேலெல்லை, கீழெல்லை போட்ட ஒரு பூவை உலகத்தில் கண்டுபிடித்துவிட்டார்.

விதைக்குச் சொல்லிவைக்கப் போன இடத்தில் நர்சரிக்காரர், "சார், அது குளிர் தேசத்துச் செடி, நம்ம வெயில் தாங்குமா?" என்று கேட்டிருக்கிறார். "பாய்லர் பக்கத்துல முப்பது வருஷம் நின்னவன் நான்" என்று வெல்டர் பதில் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். விதைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று நர்சரிக்காரர் யோசித்துக்கொண்டிருப்பார்.

குளிர்காலம் வந்துபோனதாக விதையை நம்ப வைத்தால்தான் அது முளைக்கும். ஈர மணலில் கலந்து ஒரு மாதத்துக்கு மேல் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். தின்கிற பொருள் இருக்கும் இடத்தில் மண் வைக்கக் கூடாது என்று மேடம் சொல்லிவிட்டதால், விதை எங்கள் ஃபிரிட்ஜுக்குக் குடிவந்தது. தயிர் டப்பாவுக்கும் இட்லி மாவுக்கும் நடுவில் ஆறு வாரம் இருந்தது. மாவை வெளியே எடுக்கும்போதெல்லாம் என் மனைவி அந்த டப்பாவைப் பார்த்து, "என்ன, குளிர் போதுமா?" என்று விசாரிப்பாள். எங்கள் வீட்டு ஃபிரிட்ஜை மேடம் வாரம் ஒரு தடவை வந்து தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தார். கதவு ரப்பர் சரியில்லை என்றார். சரியில்லைதான்.

தை பிறந்ததும் எட்டுத் தொட்டிகளில் நட்டார். எட்டும் முளைத்தது. தென்னூரில் எனக்கு ஒரு சின்ன பிரிண்டிங் கடை இருந்தது. மேடம் என்னிடம் அட்டைகள் அடித்து லேமினேட் செய்து தரச் சொன்னார். பச்சையில் அக்செப்ட், மஞ்சளில் ரிப்பேர், சிவப்பில் கட். ஒவ்வொன்றிலும் எட்டு. ஓட்டை போட்டு நூலும் கோத்துக் கொடுத்தேன். மேடம் ஒவ்வொரு அட்டையையும் திருப்பித் திருப்பிப் பார்த்து, இரண்டில் ஓரம் பிசிறாக இருக்கிறது என்று கழித்து, வேறு அடித்து வாங்கிக்கொண்டார். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை காலையிலும் ஸ்டீல் ஸ்கேலும் ரிஜிஸ்டருமாக வாசலுக்கு வருவார். வெல்டர் குளித்து, சட்டை போட்டு, தொட்டிகளுக்குப் பக்கத்தில் நிற்பார்.

சித்திரை வந்தது. செடிகள் வளர்ந்தன. நாற்பத்தைந்தில் நிற்கவில்லை. ஐம்பதைத் தாண்டி, ஐம்பத்தைந்தைத் தாண்டி, மொட்டு விடுவதற்குள் அறுபதைத் தொட்டுவிட்டன.

"நிழல் ஜாஸ்தி. வெளிச்சம் தேடி நீளுது" என்றார் மேடம். அண்ணாந்து எங்கள் பால்கனியைப் பார்த்தார். நான் அந்தப் பால்கனியைக் கட்டவில்லை. இருந்தாலும் மன்னிப்புக் கேட்டேன்.

எட்டுத் தொட்டியிலும் மஞ்சள் அட்டை தொங்கியது. வெல்டர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, உயரம் எங்கேர்ந்து அளக்கறாங்க? மண்ணுலேர்ந்துதான்? மண்ணு மேல வந்தா?" என்றார். நான் தடுத்திருக்கலாம். மாறாக ஸ்கூட்டரில் போய் ஒரு மூட்டை தென்னை நார்த் தூள் வாங்கி வந்தேன். தொட்டி விளிம்புவரை நிரப்பி, மேலே மெல்லிசாகச் செம்மண் தூவினோம். பார்த்தால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மேடம் குனிந்தார். ஸ்கேலை வைக்கவே இல்லை. "போன வாரம் விளிம்புலேர்ந்து மண்ணு எட்டு விரக்கடை கீழ இருந்தது. இது யாரோட ஐடியா?"

நான் வெல்டரைப் பார்த்தேன். வெல்டர் கிரில் கேட்டைப் பார்த்தார்.

"மேல பூசிட்டா உள்ள இருக்கறது போயிடுமா வெல்டர் சார்?"

கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. பற்றவைப்பில் உள்ளே ஓட்டையை வைத்துக்கொண்டு மேலே வழவழப்பாக முடிக்கிறவனை அந்தத் தொழிலில் மட்டமாக நினைப்பார்கள். வெல்டர் அன்றைக்கே தூள் முழுவதையும் அள்ளி எடுத்தார். "நான் என் சர்வீஸ்ல இந்த வேல செஞ்சதில்ல தம்பி" என்று என்னிடம் சொன்னார். தூளை வாங்கி வந்தவன் என்ற முறையில் எனக்கும் அவமானமாக இருந்தது.

வைகாசியில் முதல் பூ விரிந்தது. விரிந்த மறுநாள் காலையில் காணோம்.

ஸ்ரீரங்கத்தில் காலையில் ஒரு பிளாஸ்டிக் கவரோடு நடக்கிறவர்களுக்கு, காம்பவுண்டுக்கு உள்ளே என்றும் வெளியே என்றும் பூவில் பேதம் கிடையாது. பெருமாளுக்குப் போகிற பூவை யார் வீட்டில் பறித்தால் என்ன? எடுத்தது யார் என்று நாங்கள் விசாரிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. எட்டு மணிக்கு எதிர் வீட்டு மாமியே பூவோடு வந்து நின்றார்.

"இத நீங்களே வெச்சுக்கோங்கோ. ஆத்துல அவர் சாத்தப்படாதுன்னுட்டார். என்ன புஷ்பம்னே தெரியல, வாசனையும் இல்லே, தொட்டா குத்தறது, பெருமாள் திருமேனிக்கு இதையா கொண்டு வந்தேன்னு கோச்சுக்கறார்."

திருடிய பூ தரம் சரியில்லை என்று திரும்பி வந்ததை நான் அன்றுதான் பார்த்தேன். வெல்டரும் வாசலுக்கு வந்தார். மேடம் பூவை வாங்கி, காம்பின் அடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு செடியிடம் போய்க் குனிந்து பார்த்தார்.

"மாமி, கிள்ளினது நீங்கதான?"

"நான்தான். வேற யார் வருவா?"

"அடி இலய ஒட்டி, அதுக்கு மேல சுத்தமாக் கிள்ளியிருக்கீங்க. தண்டு நசுங்கல. சரியா இருக்கு."

மாமிக்கு ஒன்றும் புரியவில்லை. வெல்டருக்குப் புரிந்தது. அவர் மெதுவாக மாடிப்படி ஏறி எங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தார். "இத்தன வருஷத்துல என்கிட்ட சொல்லாத வார்த்தய பூ பறிச்சவங்ககிட்ட சொல்றாங்க தம்பி" என்றார். என் மனைவி அவருக்கு மோர் கொடுத்தாள்.

ஆனால் மாமி கிள்ளிய அந்தச் செடி அடியிலிருந்து நாலு பக்கமும் கிளைத்தது. ஆடியில் குட்டையாக, அடர்த்தியாக, ஆறேழு பூக்களோடு நின்றது. மேடம் அளந்தார். நாற்பத்தொன்று. வெல்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அளவு சரியா இருக்கு. ஆனா இது மாமி வேல. மாமிக்கு வேணும்னா அக்செப்ட் போடறேன்" என்று மேடம் ரிஜிஸ்டரை மூடினார். உண்மையாகவே ஒரு பச்சை அட்டையை எடுத்துக்கொண்டு போய் மாமியிடம் கொடுத்தார். அது ரொம்ப நாள் மாமி வீட்டுச் சாவிக் கொத்தில் தொங்கியது.

வெல்டர் அடுத்த பாக்கெட் விதையை எங்கள் ஃபிரிட்ஜில் வைத்தார். இந்தத் தடவை மாமியைக் கூப்பிட்டு, எங்கே கிள்ள வேண்டும், எத்தனை இலை விட வேண்டும் என்று பழைய செடியில் செய்து காட்டச் சொன்னார். "பெருமாளுக்கும் இல்லே, தலைக்கும் இல்லே, சும்மா எதுக்குக் கிள்ளணும்?" என்று கேட்டுக்கொண்டே மாமி காட்டினார். "அடுத்தது என் கையால கிள்ளுவேன். என் வேலயா இருக்கும்" என்றார் வெல்டர்.

ஆவணியில் அவருக்கு இருமல் வந்தது. கஷாயம், வெந்நீர் என்று மூன்று வாரம் ஓட்டினார். நிற்கவில்லை. டாக்டர் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். தென்னூரில் என் கடைக்கு நாலு கடை தள்ளி எடுத்தார்கள். அவர் வீட்டுக்கு வந்துவிட்டார். ஃபிலிமையும் ரிப்போர்ட்டையும் சாயங்காலம் வாங்கி வருகிற வேலை எனக்கு. உறை ஒட்டியிருக்கவில்லை. சத்திரம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கட்டுப்படுத்திக்கொண்டேன். பாலத்துக்கு முன்னால் பஸ் நின்றபோது எடுத்துப் படித்துவிட்டேன். பாதி வார்த்தைகள் புரியவில்லை. புரிந்த பாதியே போதுமானதாக இருந்தது. எங்கள் அம்மா மண்டபம் ஸ்டாப்பில் இறங்காமல் உட்கார்ந்திருந்து, அடுத்த ஸ்டாப்பிலிருந்து நடந்து வந்தேன்.

வெல்டர் ஹாலில் நாற்காலியில் இருந்தார். மேடம் கையை நீட்டினார். ரிப்போர்ட்டைக் கொடுக்கப் போனேன். "அது அப்புறம். ஃபிலிம் குடுங்க" என்றார். மேற்குப் பக்க ஜன்னலில் இன்னும் வெயில் இருந்தது. ஃபிலிமை அதற்கு நேராகப் பிடித்தார். எனக்கு அதில் விலா எலும்பும் புகையும்தான் தெரிந்தது.

"என்ன மேடம்?" என்றார் வெல்டர்.

"அக்செப்ட்" என்றார் மேடம். ஃபிலிமை உறையில் போட்டு மேஜையில் வைத்துவிட்டு அடுப்படிக்குள் போனார். குழாயைத் திறந்துவிட்ட சத்தம் கேட்டது.

வெல்டர் என்னைப் பார்த்தார். "தம்பி, கவனிச்சீங்களா?"

"என்ன சார்?"

"திருப்பிப் பாக்கல."

நான் தலையை மட்டும் ஆட்டினேன். அவர் உள்ளே பார்த்து, தன் சின்னக் குரலை முடிந்தவரை உயர்த்தி, "மேடம், இங்க வாங்க. ஒரு பக்கம் பாத்துட்டு அக்செப்ட் போடறீங்க. இது எந்த ஊர் வழக்கம்? ஒழுங்காப் படிங்க" என்றார்.

மேடம் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். ஃபிலிமை எடுத்தார். பார்த்தார். திருப்பினார். மறுபடி பார்த்தார். மூன்று நிமிஷம் இருக்கும். தெருவில் ஒருவர் வாழைக்காய் கூவிக்கொண்டு போனார்.

"ரிப்பேர்" என்றார்.

"அதான பாத்தேன்!" வெல்டர் நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டினார். "ரிப்பேர்னா பண்ணிக்கலாம். நமக்குத் தெரியாத வேலையா? காப்பி குடுங்க மேடம், தம்பிக்கும் சேத்து."

ரிப்போர்ட்டில் இருந்தது மூன்றாவது வார்த்தை. ஜன்னல் வெயிலில் முதல் தடவை பார்த்தபோதே மேடம் அதைப் படித்துவிட்டார் என்று எனக்குத் தெரிந்தது. நான் ரிப்போர்ட்டை நீட்டினேன். பிரித்துப் பார்க்காமலே வாங்கி, பீரோவில் வைத்துப் பூட்டினார். அந்தக் காப்பியில் சர்க்கரை இல்லை. நாங்கள் இரண்டு பேரும் அதைச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி, ஊசி, வாந்தி. வெல்டர் பாதியாகிப் போனார். ஆனால் ரிப்பேர் நடந்துகொண்டிருக்கிற ஆள் மாதிரி, கணக்காகச் சாப்பிட்டார், கணக்காகத் தூங்கினார். புரட்டாசியில் பழைய செடிகளை எடுத்துவிட்டு எட்டுத் தொட்டிகளில் புது நாற்று நட்டார். நானும் என் மனைவியும் தொட்டிகளை எங்கள் பால்கனி நிழல் படாத ஓரத்துக்கு நகர்த்தி வைத்தோம். கார்த்திகையில் ஒரு நாள் அவர் வாசல்படியில் உட்கார்ந்து, ஒவ்வொரு தொட்டியாக மடிக்குப் பக்கத்தில் வாங்கி, கொழுந்து கிள்ளினார்.  ஒரு தொட்டியை முடித்து மூச்சு வாங்கி, அடுத்ததை எடுப்பார். மாமி எதிர் வாசலிலிருந்து, "நன்னா இருக்கு, இன்னும் ஒரு இலை கீழே போகலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மேடம் கதவுக்கு உள்ளே நின்று பார்த்தார். வெளியே வரவில்லை. 

மாசியில் ஒரு தொட்டியில்தான் பூ வந்தது. மற்ற ஏழிலும் மொட்டு. வெல்டரின் கட்டிலை அதற்குள் வாசல் ஜன்னலுக்குப் பக்கத்தில் போட்டிருந்தோம். தலையணையில் சாய்ந்தால் தொட்டிகள் தெரியும். ஞாயிற்றுக்கிழமை மேடம் ஸ்கேலை எடுத்தார்.

"மேடம் வேண்டாம். தம்பி அளக்கட்டும்" என்றார் வெல்டர், ஜன்னல் வழியாக. "மேடம் இப்பல்லாம் அக்செப்ட்ட அவசரப்பட்டுப் போடறாங்க."

நான் முட்டி போட்டு உட்கார்ந்தேன். மேடம் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தண்டை நேராகப் பிடித்துக்கொண்டார். மண்ணில் ஸ்கேலை ஊன்றி, பூவின் உச்சிக்கு நேராகப் பார்த்தேன். நாற்பத்தெட்டு. இன்னொரு தடவை பார்த்தேன். நாற்பத்தெட்டுதான்.

"நாப்பத்து நாலு சார்" என்றேன்.

சொன்ன பிறகுதான் பயம் வந்தது. மேடத்தின் முகம் ஸ்கேலிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருந்தது. நாற்பத்தெட்டை அவர் பார்த்துவிட்டார். என்னையும் பார்த்தார். நார்த் தூள் விஷயத்தில் கேட்ட மாதிரி இப்போதும் ஒன்று கேட்டால், ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற மனுஷனுக்கு அது கேட்டுவிடும். 

மேடம் எதுவும் கேட்கவில்லை. தொட்டியை இரண்டு கையாலும் பிடித்து, அரை வட்டம் திருப்பினார். அந்தப் பக்கத்திலிருந்து செடியை முதலிலிருந்து பார்த்தார். அடித்தண்டு, கிள்ளிய இடம், அதிலிருந்து பிரிந்த கிளைகள், இலையின் மேல்பக்கம், கீழ்பக்கம், பூ. அவசரமே இல்லை. கிள்ளிய இடத்தில் விரலை வைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். பிறகு எழுந்து ஜன்னலைப் பார்த்து நின்றார்.

"அக்செப்ட்" என்றார்.

பச்சை அட்டையை அவரே கட்டினார். ரிஜிஸ்டரில் எழுதினார். வெல்டர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். கண்ணில் தண்ணீர் நின்றது.

"திருப்பிப் பாத்துட்டுச் சொன்னாங்க தம்பி. கவனிச்சீங்கள்ல?"

"கவனிச்சேன் சார்."

அன்று முழுவதும் வந்தவர்களிடமெல்லாம் அதைச் சொன்னார். பால்காரருக்கு இரண்டு தடவை சொன்னார். பங்குனி பிறந்து மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்தார்.

காரியமெல்லாம் முடிந்து, வந்தவர்கள் கிளம்பிப் போன பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை, மேடம் வழக்கம்போல ஸ்கேலோடு வாசலுக்கு வந்தார். மற்ற ஏழும் பூத்திருந்தன. நான் கீழே இறங்கிப் போனேன். எனக்குச் சில நாளாகத் தூக்கம் சரியில்லை. அவரிடம், வாழ்க்கையில் ஒரு புள்ளியைக்கூட விடாமல் படித்தவரிடம், பொய்யான அளவைக் கொடுத்து ரிஜிஸ்டரில் ஏற்றிவிட்டேன் என்பது உள்ளே அரித்துக்கொண்டிருந்தது.

"மேடம், அன்னிக்கு நான் சொன்ன அளவு தப்பு. நாப்பத்து நாலு இல்ல. வேணும்னேதான் சொன்னேன்."

அவர் ரிஜிஸ்டரைத் திறந்து அந்தப் பக்கத்தை என்னிடம் நீட்டினார். அவருடைய குண்டு குண்டான எழுத்து. தொட்டி மூன்று. உயரம் நாற்பத்தெட்டு. கிள்ளியது வெல்டர். அக்செப்ட்.

"அளவு மீறியிருக்கே மேடம்" என்றேன்.

"மீறித்தான் இருக்கு."

ரிஜிஸ்டரை வாங்கிக்கொண்டார். "நீங்க சொன்னது பொய் தம்பி. அன்னிக்கு ஃபிலிமப் பாத்துட்டு நான் சொன்னது ரெண்டும் பொய். இது பொய் இல்ல."

பிறகு அடுத்த தொட்டிக்குப் போய் முட்டி போட்டு உட்கார்ந்தார். ஸ்கேலை ஊன்றினார். ஐம்பத்தொன்று. மஞ்சள் அட்டையை மாட்டினார்.